துப்பாக்கியின் குழல்முனையைப் பார்த்தே புரிந்துகொள்வது எப்படி

செய்தித்தாளில் ஒரு துப்பாக்கியின் படம் வந்தால் போதும், குழலின் நுனியில் எது மாட்டியிருந்தாலும் அதைச் சைலன்சர் என்று சொல்லிவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் நான் தேநீர் குடிக்கும் கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். என்னிடம் சந்தேகம் கேட்க வரும் என்.சி.சி. மாணவர்களும் அப்படியேதான் தொடங்குகிறார்கள். தரைப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பிரித்து, அளவெடுத்து, பழுது நீக்கித் திருப்பித் தருபவனாக வேலைக்காலம் முழுவதும் இருந்தவன் நான். குழல்முனையில் மாட்டப்படும் கருவிகளில் ஐந்தாறு வகை உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்குப் பிறந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறித்துக்கொள்வது. அவற்றை வேறுபடுத்தத் தெரியாமல் வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். துளை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வாயு அந்தப் பக்கம் பாயும்; துப்பாக்கி அதன் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். குடிநீர் லாரிக்காரர் வால்வைத் திறந்தவுடன் தடித்த குழாய் கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளுவதை நம் தெருக்களில் பார்க்காதவர்கள் இல்லை. குழாயின் வாயைப் பக்கவாட்டில் திருப்பினால் துள்ளலும் எதிர்ப்பக்கம் திரும்பும். வாயுவைத் திருப்பும் குழல்முனைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதிதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான துப்பாக்கியில் இதைப் பார்த்துப் பழகுவதாக இருந்தால், மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, பக்கவாட்டில் நின்று மட்டுமே பாருங்கள். குழலின் வாய்க்கு எதிரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். காலி என்று நிச்சயமாகத் தெரிந்த துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

இனி வாயுவைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டா வெடித்தவுடன் குண்டு மட்டும் வெளியே வருவதாக நினைக்கிறோம். குண்டை விரட்டிக்கொண்டு எரிந்த வெடிமருந்தும் வாயுவாக வெளியேறுகிறது. இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 மி.மீ. குண்டு சுமார் 4 கிராம். அதை விரட்டும் மருந்து ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் போகிறது. வாயு அதைவிட வேகமாகப் பீறிட்டு வெளியேறிக் குண்டையே ஒரு கணம் முந்திச் செல்கிறது. ஆகவே தோளில் விழும் உதைப்பில் கணிசமான பங்கு குண்டினுடையது அல்ல, வாயுவினுடையது. குழலை விட்டுப் போய்விட்ட குண்டை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வாயுவைத் திருப்பலாம், பிரிக்கலாம், தாமதப்படுத்தலாம், குளிர்விக்கலாம். நுனியில் மாட்டும் கருவிகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைச் செய்பவைதான்.

என்.சி.சி. பயிற்சியில் சுடும் .22 துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு 2.6 கிராம்; மருந்தோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். திருப்புவதற்கு வாயுவே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “சார், இதன் நுனியில் ஏன் ஒன்றுமே இல்லை?” என்று கேட்டாள். “உன் துப்பாக்கிக்கு அது தேவைப்படவில்லை அம்மா” என்றேன். அவள் அதோடு விடவில்லை. அப்படியானால் மருந்து கூடக்கூடக் கருவியின் பயனும் கூடுமா என்று அடுத்த கேள்வியைத் தானே கேட்டாள். ஆம், கூடும். இந்தப் பாடம் முழுவதற்கும் அந்தக் கேள்வியே திறவுகோல். மருந்து மிகுந்த, குழல் குட்டையான துப்பாக்கிகளில்தான் நுனிக் கருவிக்கு வேலை அதிகம்.

முதலில் சுடர் மறைப்பானைப் பார்ப்போம். படையில் ஃபிளாஷ் ஹைடர் என்போம். குழலிலிருந்து வெளியேறும் வாயுவில் முழுதாக எரியாத ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மிச்சம் இருக்கின்றன. வெளியே வந்ததும் அவை காற்றின் ஆக்சிஜனோடு கலக்கின்றன. வாயு வேகமாக விரிந்து, பிறகு ஓர் அதிர்வலையில் மோதி மீண்டும் கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் கலவை பற்றிக்கொள்கிறது. இரவில் குழல்முனையில் கால்பந்தளவு மஞ்சள் தீ தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்த இரண்டாம் எரிதல்தான். சுடர் மறைப்பான் இந்தத் தீயை மூடி மறைப்பதில்லை, பிறக்கவே விடாமல் பார்த்துக்கொள்கிறது. நீளமான கீறல்கள் வழியே வாயுவைப் பல கீற்றுகளாகப் பிரித்துவிடுவதால், அது ஒரே திரளாகச் சேர்ந்து சூடேற முடிவதில்லை.

எதிரியிடமிருந்து மறைந்துகொள்ளத்தான் இது என்று பலர் நம்புகிறார்கள். எதிரே நேராக நிற்பவருக்குச் சுடர் ஓரளவு தெரியத்தான் செய்யும். பெரிய நன்மை சுடுபவருடைய கண்ணுக்கு. இருட்டுக்குப் பழகிய கண் ஒரு பளிச்சலில் குருடாகிவிட்டால், மீண்டும் பழகப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் இரண்டாவது முறை குறிபார்க்க முடியாது.

பழைய பிரென் இயந்திரத் துப்பாக்கியின் நுனியில் புனல் போல விரியும் கூம்பு உண்டு. 1944-ல் வந்த காட்டுப்போர் கார்பைனான, அதாவது குழல் குட்டையான துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு எண் 5-லும் அதே வடிவம். நம் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் கூம்பு போய் நீண்ட கீறல்கள் வந்தன. அமெரிக்க எம்-16 துப்பாக்கியின் கதை நல்ல பாடம். முதலில் அதற்கு முனை திறந்த மூன்று கவடுகள் இருந்தன. சுடரை அவை அருமையாக அடக்கின. ஆனால் வியட்நாமில் செடி கொடிகளில் மாட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தன. நுனியை ஒரு வளையத்தால் மூடிப் பறவைக்கூண்டு வடிவம் செய்தார்கள். 1980-களில் வந்த அடுத்த மாதிரியில் கீழ்ப்பக்கக் கீறல்களையும் அடைத்துவிட்டார்கள். படுத்துச் சுடும்போது தரையிலிருந்து தூசி கிளம்பாது. வாயு மேலேயும் பக்கத்திலும் மட்டும் போவதால் முனையும் கொஞ்சம் கீழே அழுத்தப்படும். கீழே அடைப்பு, மற்ற பக்கங்களில் ஒரே சீரான நீண்ட கீறல்கள் என்று படத்தில் கண்டால், முதன்மையாகச் சுடர் மறைப்பான், கொஞ்சம் சமன்படுத்தி (முனை மேலெழும்பாமல் அழுத்துவது) என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்சாஸ் துப்பாக்கியின் நுனியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ. அளவில் இருப்பதற்குக் காரணம் சுடர் அல்ல, அதன்மேல் செருகிச் சுடும் ரைஃபிள் கிரனேடு. பல நாடுகளில் இதே அளவுதான். இப்படி ஒரே கருவி இரண்டு மூன்று வேலைகளைச் சுமப்பது சாதாரணம். அதனால் இது எந்த வகை என்று கேட்பதைவிட, இதில் எந்த வேலை ஓங்கி நிற்கிறது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது மஸில் பிரேக். இதைச் சுடர் மறைப்பானோடு குழப்புகிறவர்கள்தான் அதிகம். அடையாளம் எளிது. பக்கவாட்டில் அகலமான சாளரங்கள் இருக்கும். ஒவ்வொரு சாளரத்துக்கும் முன்னால் தடித்த சுவர் இருக்கும். முன்னோக்கிப் பாயும் வாயு அந்தச் சுவரில் மோதித் துப்பாக்கியை முன்னே இழுக்கிறது. பிறகு இரு பக்கமும் பிரிந்து போகிறது. குண்டு தரும் பின்னுதைப்பில் ஒரு பகுதி இந்த முன்னிழுப்பால் கழிந்துவிடுகிறது. சாளரம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் இழுப்பு இன்னும் பலமாகும். அதே அளவுக்கு இரைச்சலும் வாயுவும் சுடுபவர் முகத்தை நோக்கித் திரும்பும்.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாகும் வித்வன்சக் என்ற கனரகத் துப்பாக்கியின் படத்தைத் தேடிப் பாருங்கள். 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் சுடக்கூடியது. அதன் நுனியில் பருத்து நிற்கும் பிரேக் இல்லாவிட்டால் மனிதத் தோள் அதைத் தாங்காது. 155 மி.மீ. எம்-777 பீரங்கியின் நுனியில் இரட்டைத் தடுப்புப் பிரேக் தெளிவாகத் தெரியும். இரண்டாம் உலகப் போர் காலத்து 25 பவுண்டர் பீரங்கிக்குத் தொடக்கத்தில் பிரேக் கிடையாது. டாங்கிகளைத் துளைக்கக் கூடுதல் மருந்து இட்டுச் சுட வேண்டி வந்ததும் இரட்டைத் தடுப்புப் பிரேக் ஒன்றைப் பிறகு சேர்த்தார்கள். மாணவி கேட்ட கேள்விக்கு வரலாறு தந்த பதில் இது.

பிரேக்கின் விலையைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கொடுக்கிறார். சுடுதளத்தில் பிரேக் வைத்த துப்பாக்கிக்கு அடுத்த இடத்தில் நின்றவர்களுக்கு நெஞ்சில் வந்து மோதும் அந்த அடி தெரியும். துப்பாக்கி ஓசை 160 டெசிபலைத் தொடும். 140-ஐத் தாண்டும் திடீர் ஓசை ஒரே முறையில்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். பிரேக் அந்த ஓசையைச் சுடுபவர் பக்கமும் அருகில் இருப்பவர் பக்கமும் திருப்பிவிடுகிறது. அத்தகைய துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் சேர்த்து அணியுங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் வயதான பிறகு பேரப்பிள்ளைகளின் குரல் கேட்காமல் போனவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

பிரேக் இவ்வளவு நல்லதென்றால் ஆவடியில் உருவாகும் டாங்கிகளில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். காரணம் ஒன்றல்ல. டாங்கி சுடும் கவசம் துளைக்கும் அம்பு போன்ற குண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையோடு குழலை விட்டு வெளியேறுகிறது. வெளியே வந்ததும் உறை இதழ் இதழாகப் பிரிந்து விழும். நுனியில் பிரேக் இருந்தால் இதழ்கள் அதில் சிக்கக்கூடும். பக்கவாட்டில் பாயும் வாயு புழுதியைக் கிளப்பி இலக்கை மறைக்கும். அருகில் நடந்து வரும் காலாட்படையினரைத் தாக்கும். போதாததற்கு, டி-90 போன்ற நாற்பது டன்னைத் தாண்டிய வண்டி, தன் பின்னியக்க அமைப்பின் துணையோடு உதைப்பைத் தானே விழுங்கிவிடும். கப்பல் பீரங்கிகளும் அப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது சுட்டவை 10.5 செ.மீ. பீரங்கிகள். அவற்றின் உதைப்பை ஏற்றுக்கொள்ள ஒரு கப்பலே அடியில் இருந்தது. அந்தத் தாக்குதலுக்கான நினைவுக்கல் உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று படியுங்கள்.

காம்பன்சேட்டர் என்னும் சமன்படுத்தியை நீண்ட விளக்கம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: துளைகள் மேல்பக்கம் மட்டும் இருக்கும். வாயு மேலே போகும், முனை கீழே அழுந்தும். தொடர்ந்து சுடும்போது முனை மேலெழும்புவதைக் கட்டுப்படுத்துவதே இதன் வேலை. 1928 மாதிரித் தாம்சன் துப்பாக்கியின் நுனியில் இருந்த கட்ஸ் சமன்படுத்தி இதற்குப் பழைய உதாரணம். 1959-ல் வந்த ஏ.கே.எம். துப்பாக்கியிலோ துளையே கிடையாது. பேனாமுனை போல் சரிவாக வெட்டிய ஒரு சிறு குழல் மட்டும். கீழ் உதடு நீண்டு நிற்கிறது. வாயு அதில் மோதி முனையைக் கீழே தள்ளுகிறது. அந்தச் சரிவு நேராக மேலே பார்க்காமல் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். வலக்கைக்காரர் சுடும்போது முனை மேலேயும் வலப்பக்கமும் போகும்; கீழேயும் இடப்பக்கமும் தள்ளினால் அது சரியாகிவிடும். இவ்வளவு சிறிய இரும்புத் துண்டில் இவ்வளவு யோசனை! எத்தனையோ கருவிகளைக் கையில் எடுத்திருக்கிறேன், இதன்மீது எனக்குள்ள மதிப்பு குறையவே இல்லை. பின்னால் வந்த ஏ.கே.-74 துப்பாக்கியின் நுனியில் மேலே சிறு துளைகள், பக்கத்தில் பெரிய சாளரங்கள் இரண்டும் உண்டு. அது பிரேக்கும் சமன்படுத்தியும் ஒன்றாகச் சேர்ந்தது.

இப்போது சைலன்சருக்கு வருவோம். வெளியே துளையே தெரியாத, வழுவழுப்பான, நீண்ட உருளை. ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிப் புகைக்குழாயின் ஓசையடக்கியிலும் உழைத்தவர் அவர். இரண்டிலும் தத்துவம் ஒன்றே. வாயுவை உடனே வெளியே விடாமல் உள்ளே விரியவிட்டு, சூட்டைக் குறைத்து, மெதுவாக வெளியேற்றுவது. திரைப்படத்தில் கேட்கும் மெல்லிய ‘தப்’ ஓசையை நம்பாதீர்கள். நல்ல கருவிகூட 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறைக்கும். 160 என்பது 130 அளவுக்கு வரும், அவ்வளவுதான்.

மேலும் அது அடக்குவது வாயுவின் ஓசையை மட்டும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வழியெல்லாம் சாட்டையடி போன்ற ஓசையை எழுப்பிக்கொண்டே போகும். அதைக் குழல்முனையில் உள்ள எதுவும் தடுக்க முடியாது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. பூஜ்ஜியம் டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர். நம் சென்னையின் 30 டிகிரியில் சுமார் 349 மீட்டர். சாதாரண .22 போட்டித் தோட்டா 330 மீட்டர் அளவில் போவதால் இங்கே அது ஒலிக்குக் கீழே நிற்கிறது. 5.56 குண்டோ ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே ஓசையையோ சுடரையோ குறைக்கும் துணைக்கருவியைச் சேர்த்திருக்கிறது. அந்த உருளைத் துண்டு தனியாக மேசைமேல் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு துப்பாக்கி. உரிமம் இல்லாமல் கடைந்து தருவது ஆயுத உற்பத்திக் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. யாராவது வரைபடத்தைக் கொண்டுவந்து நல்ல கூலி தருகிறேன் என்றால், வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்.

பார்வைக்கு ஏமாற்றும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் நுனியில் உள்ள கிண்ணம் பிரேக் அல்ல, நேர் எதிரானது. வாயுவைப் பிடித்து வைத்துக் குழலைப் பின்னால் உதைக்கச் செய்கிறது, இயந்திரம் உறுதியாகச் சுழல்வதற்காக. பயிற்சியில் வெற்றுத் தோட்டா சுட மாட்டும் அடைப்பு, குண்டு இல்லாமலே வாயு அழுத்தத்தை உள்ளே நிறுத்திப் பொறியை இயக்குகிறது. அது மாட்டியிருக்கும்போது உண்மையான தோட்டா அறைக்குள் போனால் பெரும் விபத்து. அதனால்தான் பல படைகளில் அதற்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசுகிறார்கள். மூன்றாவது, ரவைத் துப்பாக்கியின் சோக். இதற்கும் வாயுவுக்கும் தொடர்பில்லை. நுனியின் உள்விட்டத்தைக் குறுக்கி ரவைகள் சிதறுவதைக் கட்டுப்படுத்துவது. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; முழு சோக் அதில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே குறுக்குகிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் செய்வதைப் பாருங்கள்: 40 கெஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள், சோக் இல்லாத குழல் நூற்றுக்கு 40 ரவைகளைப் போடும் என்றால், முழு சோக் 70 போடும்.

போட்டித் துப்பாக்கி சுடுதலுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. சர்வதேச விதிகள் ரைஃபிளில் பிரேக்கையும் சமன்படுத்தியையும் அனுமதிப்பதில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மேல்துளை உள்ள நுனிகள் உண்டு. கருவி வாங்கும் முன் பயிற்சியாளரிடம் நடப்பு விதிப்புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்தக் கருவி மாட்டியிருந்தாலும் அதற்குக் கீழே இருக்கும் குழலின் விளிம்புதான் குண்டை வழியனுப்புகிறது. அதை கிரவுன் என்போம். அது ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் கசியும், குண்டு சாய்ந்து கிளம்பும், எவ்வளவு நல்ல பிரேக்கும் அதைக் காப்பாற்றாது. குழலைத் துடைக்க உள்ளே விட்டு இழுக்கும் புல்-த்ரூ கயிற்றை விளிம்பில் உரசவிடாமல் நேராக இழுங்கள். ஒரே பக்கம் உரசி உரசிக் கயிறே எஃகைத் தின்ற குழல்களை நான் அளந்திருக்கிறேன். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கடல்காற்றில் உப்பு மிகுதி. கீறல்களுக்குள்ளும் திருகு மறைக்குள்ளும் கரியோடு ஈரம் சேர்ந்தால் துரு வேகமாக ஏறும். பழைய .303 தோட்டாக்களின் பிரைமர், அதாவது ஊசி தட்டியதும் முதலில் பற்றும் மூட்டி, தானே உப்பை மிச்சம் வைக்கும். அந்நாளில் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் போடுவார்கள். இன்றைய தோட்டாக்களுக்கு அது வேண்டியதில்லை. கருவியைத் தூரிகையால் துலக்கி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு விட்டால் போதும். சுடும் முன் அந்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்.

குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பழகிக்கொள்ளலாம். கே-9 வஜ்ரா பீரங்கி வண்டி வரும்போது குழல்முனையில் கீறல்கள் நிறைந்த பிரேக்கைத் தேடுங்கள். பின்னாலேயே டி-90 டாங்கி வந்தால் முனை வெறுமையாக இருக்கும். குழலின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு புடைப்பு தெரியும். பலர் அதையும் பிரேக் என்கிறார்கள். அது புகை வெளியேற்றி. குண்டு போனபின் குழலில் தங்கும் வாயுவை முன்பக்கமாக உறிஞ்சி வெளியே தள்ளி, உள்ளே இருக்கும் வீரர்களின் மூச்சுக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. அதன் துளைகள் குழலின் உட்புறமாகத் திறப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.